பிரசங்கம் கேட்கும்போது தாடையை அழுத்திப் பிடித்தவர்: வேண்டாத எண்ணங்களும் ஜான் பன்யனின் வாழ்க்கையும்

1650-களில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பக்கத்தில் ஒரு பாத்திரம் பழுதுபார்ப்பவர் இருந்தார். ஊர் ஊராகப் போய் ஓட்டைச் சட்டி, பானைகளை அடைத்துக் கொடுப்பது தொழில். பிரசங்கம் கேட்க உட்கார்ந்தால் போதும், கடவுளைத் திட்டும் வார்த்தை ஏதாவது தன் வாயிலிருந்து வெளியே வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். வாய் திறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கப் போயிருக்கிறார். ஏதாவது குப்பைக்குழியில் தலைகுப்புற விழுந்து வாயை அடைத்துக்கொண்டால்கூடத் தேவலை என்று தோன்றியிருக்கிறது.

அவர் பெயர் ஜான் பன்யன். தமிழ்க் கிறிஸ்தவப் புத்தகங்களில் பனியன் என்றும் அச்சடித்திருப்பார்கள், பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் ஆள் சாதாரண ஆள் இல்லை. 1678-ல் வெளிவந்த இவருடைய 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' உலகில் அதிகம் மொழிபெயர்க்கப்பட்ட ஆங்கிலப் புத்தகங்களில் ஒன்று. தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தலைமுறைகளாகப் படிக்கப்படுவது அதுதான்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பதிலை யாரிடமும் சொல்ல வேண்டாம். சாமி கும்பிடும்போது அந்தச் சாமியைப் பற்றியே அசிங்கமாக ஒரு நினைப்பு வந்து போயிருக்கிறதா? குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்கும்போது, கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நொடி மனசு கேட்டிருக்கிறதா? காய் நறுக்கும்போது கையிலிருக்கும் கத்தியைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறீர்களா? ஆமாம் என்றால், பன்யன் கதை உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. நாம் கூப்பிடாமலே உள்ளே நுழையும் இந்த எண்ணங்களோடு அவர் பல வருடம் மல்லுக்கட்டினார். எந்தெந்த வழியில் மல்லுக்கட்டினார், எது அவரை இன்னும் ஆழத்தில் தள்ளியது, எது மெதுவாகக் கைதூக்கி விட்டது என்பதையெல்லாம் 1666-ல் ஒரு தன்வரலாறாகவும் எழுதி வைத்துவிட்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இறந்து 300 வருடத்துக்கு மேல் ஆன ஒருவருக்கு நோயின் பெயரைச் சூட்டுவது சரியான வேலை இல்லை. பன்யனைப் பொறுத்தவரை இது தன் ஆத்துமாவுக்கும் சாத்தானுக்கும் நடந்த சண்டை. அந்த விசுவாசத்தை ஒதுக்கிவிட்டு அவரை வெறும் நோயாளி என்று சொன்னால் அவரைப் புரிந்துகொண்டதாக ஆகாது. ஆனால் அவர் எழுதியதில் இருக்கும் நுணுக்கம் மனநலத் துறையைச் சும்மா விடவில்லை. அமெரிக்கத் தத்துவவாதி ஜோசையா ராய்ஸ் 1894-லேயே ஓர் உளவியல் இதழில் பன்யனைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். வில்லியம் ஜேம்ஸ் 1902-ல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலில் அவரை எடுத்துப் பேசினார். ஓசிடி எனப்படும் எண்ண சுழற்சி நோய் பற்றிய புத்தகங்களில் இன்றும் அவர் பெயர் தலைகாட்டுகிறது.

வறுமையும் போரும்

பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்று ஒரு கிராமம். 1628 நவம்பர் 30-ல் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் பன்யன். அப்பாவும் பாத்திரம் பழுதுபார்ப்பவர்தான். எழுதப் படிக்கக் கொஞ்சம் கற்றுக்கொண்டார், அதற்குமேல் படிப்பு இல்லை.

1644 அவருக்கு மோசமான வருடம். அம்மா இறந்தார், அடுத்து தங்கை மார்கரெட் இறந்தார். அப்பா சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். 16 வயதுப் பையன் பாராளுமன்றப் படையில் சேர்க்கப்பட்டான். ஒரு முற்றுகைக்கு இவர் போக வேண்டியது. கடைசி நேரத்தில் இன்னொரு வீரர், உனக்குப் பதிலாக நான் போகிறேன் என்று கிளம்பிப் போனார். காவலுக்கு நின்ற இடத்தில் தலையில் குண்டு பாய்ந்து செத்தார். பன்யன் இதை நாலே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறார். நாம் அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் 1649 வாக்கில் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியின் பெயரை அவர் எங்குமே எழுதவில்லை. ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லாத குடித்தனம். மனைவி சீதனமாகக் கொண்டு வந்தது இரண்டு பக்தி நூல்கள் மட்டும். முதல் குழந்தை மேரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

அந்த இரண்டு நூல்களையும் படித்துப் படித்துத்தான் பன்யனுக்குப் பக்தி வந்தது. கூடவே பயமும் வந்தது.

மணி அறுந்து விழுந்தால்?

எல்ஸ்டோ தேவாலயத்தில் மணி அடிப்பது அவருக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு. அது வீண் கேளிக்கை, பாவம் என்று தோன்றவும் விட்டுவிட்டார். ஆனால் ஆசை விடவில்லை. அடிக்கத்தானே கூடாது, வேடிக்கை பார்க்கலாமே என்று மணிக்கூண்டுக்குப் போய் நிற்பார்.

நின்றதும் ஒரு நினைப்பு. மேலே இருக்கும் மணிகளில் ஒன்று அறுந்து தலையில் விழுந்துவிட்டால்? நகர்ந்துபோய் பெரிய உத்தரத்துக்கு அடியில் நின்றார். அங்கே பத்திரம். ஆனால் மணி ஊசலாடும்போது விழுந்து, சுவரில் மோதித் தெறித்து, உத்தரத்தைத் தாண்டி வந்து அடித்தால்? வாசலுக்கு நகர்ந்தார். இனி மணி விழுந்தாலும் தடித்த சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, கோபுரமே இடிந்து விழுந்தால்? அவ்வளவுதான், வாசலிலும் நிற்க முடியாமல் ஓடிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அவர் செய்தது புத்திசாலித்தனமான காரியம்தான். ஆபத்து என்று தோன்றியது, நகர்ந்தார், நிம்மதி கிடைத்தது. ஆனால் அந்த நிம்மதிதான் அடுத்த பயத்துக்கு வாசலைத் திறந்துவிட்டது. நகர்ந்ததால்தான் தப்பித்தேன் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். நகராமல் அங்கேயே நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. கேஸை மூடினேனா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தவர் மறுபடியும், மறுபடியும் போய்ப் பார்ப்பதும் இதே கணக்குதான். இந்தச் சுழலை விளக்க இன்றைய சிகிச்சையாளர்கள் கரும்பலகையில் வட்டமெல்லாம் வரைவார்கள். இந்த மணிக்கூண்டுக் கதையைச் சொன்னாலே போதும் என்பது நம் அபிப்பிராயம்.

இன்னொரு நாள் எல்ஸ்டோவிலிருந்து பெட்ஃபோர்டுக்கு நடந்துபோகும் வழியில் வேறொரு சோதனை. எனக்கு உண்மையிலேயே விசுவாசம் இருக்கிறதா இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அற்புதம் செய்து பார்ப்பதுதான் என்று மனசு சொன்னது. பாதையில் குதிரைக் குளம்படிக் குழிகளில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்து வற்றிப் போ என்று சொல்லவும், காய்ந்த இடத்தைப் பார்த்துக் குட்டையாகு என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டார். சொல்லி, நடக்காமல் போய்விட்டால்? விசுவாசம் இல்லை என்று முடிவாகிவிடுமே! அந்தப் பயத்தில் சொல்லாமலே விட்டுவிட்டார். சந்தேகம் அப்படியே நின்றது. நூறு சதவீத நிச்சயம் வேண்டும் என்று கேட்பவருக்கு எந்தச் சோதனையும் போதாது.

ஜெபம் செய்யும்போதும் தொல்லைதான். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். ஒரு புதர், ஒரு காளை, ஒரு துடைப்பம் என்று சம்பந்தமே இல்லாத உருவங்கள் மனதில் வந்து நிற்கும், அவற்றைப் பார்த்துத்தான் ஜெபம் செய்கிறாய் என்பது போல. நாயாகவோ தேரையாகவோ பிறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று பொறாமைப்பட்டிருக்கிறார். இதைப் படித்து நமக்குச் சிரிப்பு வரலாம். அவருக்குச் சிரிப்பாக இல்லை.

விற்றுவிடு, விற்றுவிடு

பிறகு வந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையானது. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஓர் எண்ணம். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஒரு வருடம். சாப்பிட உட்கார்ந்தால் இதற்காக விற்றுவிடு. குனிந்து ஒரு குண்டூசியை எடுத்தால் அதற்காக விற்றுவிடு. விறகு பிளந்தால் இதற்காக. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இதே பல்லவி.

பன்யன் என்ன செய்தார்? எதிர்த்தார். விற்க மாட்டேன், ஆயிரமாயிரம் உலகங்களைக் கொடுத்தாலும் விற்க மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மனசுக்குள் சொன்னது போதாமல் யாரையோ தள்ளிவிடுவது போலக் கைகளாலும் முழங்கைகளாலும் காற்றைத் தள்ளினார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் ஜெபம் செய்தார். எவ்வளவு தள்ளினாரோ அவ்வளவு வேகமாக அது திரும்பி வந்தது.

இது ஏன் என்று புரிய 300 வருடம் தாண்டி வர வேண்டும். 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். மாணவர்களை உட்கார வைத்து, அடுத்த 5 நிமிடத்துக்கு மனதில் ஓடுவதை எல்லாம் சத்தமாகச் சொல்லுங்கள், ஆனால் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், அப்படியும் நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முன்பு அடக்கியவர்களுக்கு, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. நம் ஊரில் மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்வோமே, அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது போலத்தான். ஓர் எண்ணம் வருகிறதா என்று காவல் காக்க வேண்டுமென்றால் அந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொண்டேதான் காவல் காக்க முடியும்.

ஒரு காலத்தில் எண்ணம் வந்ததும் நிறுத்து என்று கத்தச் சொல்வதும், மணிக்கட்டில் மாட்டிய ரப்பர் பேண்டைச் சுண்டச் சொல்வதும்கூட சிகிச்சையாக இருந்தன. இந்த மாதிரி எண்ணங்களுக்கு இப்போது அதை யாரும் முதல் வழியாகச் சொல்வதில்லை. காரணம், பன்யனின் முழங்கைக் கதைதான்.

ஒரு நாள் காலை. படுக்கையில் கிடக்கிறார். வழக்கம்போல விற்றுவிடு, விற்றுவிடு. மூச்சு முட்ட எதிர்க்கிறார். களைத்துப் போன ஒரு நொடியில் உள்ளுக்குள் ஒன்று கடந்து போனது: போக விரும்பினால் போகட்டுமே என்று. அவ்வளவுதான். வாய் பேசவில்லை, கை எதையும் செய்யவில்லை. களைத்த மனசில் ஒரு நினைப்பு வந்து போனது, வேறொன்றும் நடக்கவில்லை.

ஆனால் பன்யனுக்கு அது நினைப்பு இல்லை, விற்பனை. கூழுக்காக மூத்த மகன் உரிமையை விற்றுவிட்டு, பிறகு அழுதும் திரும்பப் பெற முடியாமல் போன பைபிள் ஏசா தானேதான் என்று முடிவு கட்டினார். அடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் நரக வேதனை. தாவீது செய்த பாவம், பேதுரு செய்த பாவம், யூதாஸ் செய்த பாவம் என்று ஒவ்வொன்றையும் எடுத்துத் தன்னுடையதோடு தராசில் வைத்துப் பார்த்தார். ஆறுதல் தரும் ஒரு வசனம் மேலே வரும், ஏசாவின் வசனம் வந்து அதைக் கீழே தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். உள்ளே வழக்கு நடந்துகொண்டே இருக்கும். வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே.

நினைப்பதும் செய்வதும் ஒன்றே என்று மனசு ஒட்டவைத்துவிடுவதைப் பிரிட்டனில் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் 1980-களிலும் 90-களிலும் விரிவாக ஆராய்ந்தார்கள். பால் சல்கோவ்ஸ்கிஸ் 1985-ல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது: எண்ணம் வருவது பிரச்சினை இல்லை. அந்த எண்ணம் என்னைப் பற்றி என்ன சொல்கிறது, அதற்கு நான் எவ்வளவு பொறுப்பு என்று நாம் எடுத்துக்கொள்ளும் அர்த்தம்தான் பிரச்சினை. அறிவுசார் நடத்தை சிகிச்சையில், அதாவது சிபிடியில், சிகிச்சையாளர் உங்களோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது இந்த அர்த்தத்தைத்தான். உங்களை நல்லவர் என்று நிரூபித்துக் காட்டுவது அவர் வேலை இல்லை.

பெரியவரிடம் கேட்டார், கெட்டது

தாங்க முடியாமல் பன்யன் ஒரு வயதான விசுவாசியிடம் போய் மனதைத் திறந்தார். மன்னிக்கவே முடியாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னார். அந்தப் பெரியவர், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் இந்த மாதிரிப் போராட்டம் எதையும் அறியாதவர் என்று பன்யன் பின்னாளில் கசப்பில்லாமல் எழுதுகிறார். அந்த இடத்தில் நாமாக இருந்தால் அவ்வளவு பெருந்தன்மை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

சரி, பெரியவர் அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ நல்லவன் என்று சொல்லியிருந்தால்? அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பார். மறுநாள், நான் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா, அவர் சரியாகக் கேட்டாரா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போயிருப்பார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இதைக் கவனியுங்கள். நான் யாரையும் எதுவும் செய்துவிட மாட்டேன்தானே என்று ஒரு நாளைக்கு இருபது முறை கேட்பவருக்கு இருபது முறையும் மாட்டாய் என்று பதில் சொல்வது அன்புதான். ஆனால் அதுவும் மணிக்கூண்டில் இடம் மாறுவது போன்றதே. எரிந்து விழவும் வேண்டாம், பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, தெரிகிறது, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிறேன் என்ற தொனியில் நடந்துகொள்ளத்தான் சிகிச்சையாளர்கள் குடும்பத்தினருக்குப் பயிற்சி தருகிறார்கள்.

உண்மையில் அவருக்கு உதவியது ஒரு பழைய புத்தகம். மார்ட்டின் லூதர் கலாத்தியருக்கு எழுதிய விளக்கவுரை. பக்கத்தைப் புரட்டினால் கையோடு வந்துவிடும், அவ்வளவு நைந்த பிரதி. படித்தவர் அசந்து போனார். தன் மனசிலிருந்தே யாரோ எழுதியது போல இருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் ஒருவர், அதுவும் அவ்வளவு பெரிய மனிதர், இதே எண்ணங்களோடு தவித்திருக்கிறார். அடிபட்ட மனசாட்சிக்கு பைபிளுக்கு அடுத்து இந்தப் புத்தகம்தான் என்று எழுதி வைத்தார்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு உடைவது சிறிய விஷயம் இல்லை. 1978-ல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன், பத்மால் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் எந்த மனநலப் பிரச்சினையும் இல்லாத 124 பேரிடம் விசாரித்தார்கள். டி சில்வா இலங்கையில் பிறந்தவர், வேண்டாத எண்ணங்களைக் கையாளப் பழைய பௌத்த நூல்கள் சொல்லும் வழிகளை நவீன சிகிச்சையோடு ஒப்பிட்டும் எழுதியவர். கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் தங்களுக்கும் இப்படி எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். அடிப்பது, தகாத உறவு, அவமதிப்பு என எல்லாம் அதில் இருந்தன. எழுதிக் காட்டினால் எது நோயாளியின் எண்ணம், எது மற்றவருடையது என்று பிரித்துச் சொல்வது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. வித்தியாசம் உள்ளடக்கத்தில் இல்லை. எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு வாதை கொடுக்கிறது என்பதில்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் வயலில் நடந்து போகும்போது பன்யனுக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. தன்னை நல்லவனாக நிறுத்துவது தன் மனநிலை இல்லை. இன்றைக்கு மனசு தெளிவாக இருப்பதால் அது கூடுவதும் இல்லை, நாளைக்குக் கலங்கினால் குறைவதும் இல்லை. அவருடைய மொழியில் சொன்னால், அவருடைய நீதி பரலோகத்தில் பத்திரமாக இருக்கிறது. இதை விசுவாசமாக எடுத்துக்கொள்வதா, உளவியலாக எடுத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். அன்றோடு, உள்ளே என்ன ஓடுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் சோதித்துப் பார்க்கும் வேலை அவருக்கு வெகுவாகக் குறைந்தது.

எண்ணங்கள் நின்றுவிட்டனவா? இல்லை. பிரசங்கியாக மேடையேறிய பிறகும், ஜனங்கள் முன்னால் தெய்வ நிந்தனையாக எதையாவது பேசிவிடத் தூண்டும் எண்ணங்கள் வந்ததாக அவரே எழுதுகிறார். இங்கேதான் கவனிக்க வேண்டும். முன்பு கேட்பவராக உட்கார்ந்து தாடையைப் பிடித்தவர், இப்போது அந்த எண்ணத்தோடேயே நின்று பிரசங்கத்தைப் பேசி முடிக்கிறார்.

12 வருடம் சிறை, ஒரு ஏணி

1658-ல் முதல் மனைவி இறந்தார், 4 பிள்ளைகள். அடுத்த வருடம் எலிசபெத்தை மணந்தார். 1660 நவம்பர் 12-ல், அனுமதியில்லாமல் கூட்டம் நடத்தப் போனதற்காகக் கைது செய்தார்கள். அந்த அதிர்ச்சியில் கர்ப்பிணியான எலிசபெத்துக்குக் குறைப்பிரசவமாகி குழந்தை தங்கவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் நீதிபதிகள் முன்னால் நேரில் நின்று கணவருக்காக வாதாடினார் அந்தப் பெண். பிரசங்கம் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். பன்யன் மறுத்தார். 12 வருடம் சிறை. உள்ளே உட்கார்ந்து காலணிக் கயிறுகளுக்கு முனை கட்டி விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். கண் தெரியாத மேரியை நினைத்துத்தான் அவர் அதிகம் உடைந்து போனார்.

சிறைக்கு வந்த புதிதில் சட்டம் தெரியாமல், தன்னைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். சாவைவிட வேறொன்று பயமுறுத்தியது. ஏணியில் ஏறும்போது முகம் வெளுத்து, முழங்கால் நடுங்கி, ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டால்? அந்த நேரத்தில் கடவுள் ஒரு ஆறுதலும் தராமல் இருந்துவிட்டால்?

இந்த முறை அவர் நிச்சயத்தைத் தேடி ஓடவில்லை. தன்னைத் தூக்குமேடை ஏணியின் உச்சியில் நிற்க வைத்து மனதுக்குள் பார்த்தார். ஆறுதல் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், சொர்க்கமோ நரகமோ, கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பது போலக் குதித்துவிடுகிறேன், எனக்குச் சரியென்று பட்டதை விடமாட்டேன் என்று முடிவெடுத்தார். மனசு லேசானது என்கிறார்.

இன்று இந்தப் பிரச்சினைக்கு முதன்மையான பேச்சு வழி சிகிச்சை எதுவென்று கேட்டால், சுருக்கமாக இஆர்பி என்பார்கள். பயத்தை எதிர்கொள்வது, அதே நேரம் பரிகாரச் செயலைச் செய்யாமல் இருப்பது. 1966-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்துப் பதிவு செய்தார். அவர்களில் ஒருவரின் தொல்லை தெய்வ நிந்தனை எண்ணங்கள்தான். 1974-ல் 15 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள், பெரும்பாலானோர் நன்றாகத் தேறியிருந்தார்கள். அதுவரை ஓசிடி சரிசெய்யவே முடியாத நோய் என்று கைவிரித்துக்கொண்டிருந்த காலம்.

நடைமுறையில் எப்படி? சிகிச்சையாளரும் நீங்களும் சேர்ந்து பயங்களுக்குப் படிக்கட்டு போடுவீர்கள், கீழ்ப்படியில் லேசானது, மேலே கடினமானது. சாமி படத்தின் முன்னால் வேண்டாத எண்ணம் வரும் என்று பூஜை அறைக்கே போகாதவர் ஒருவர் இருந்தால், முதலில் வாசலில் நிற்பார். எண்ணம் வரும். கன்னத்தில் போட்டுக்கொள்ள மாட்டார், மந்திரத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்ல மாட்டார், மனசுக்குள் மன்னிப்பு கேட்க மாட்டார். பதற்றம் ஏறும். அதோடு அங்கேயே நிற்பார். நிற்க நிற்க, தான் பயந்தது நடக்கவில்லை, இந்தப் பதற்றத்தைத் தாங்கவும் முடிகிறது என்பதை மூளை நேரடியாகக் கற்றுக்கொள்ளும். நம்பிக்கையை அவமதிக்கும் காரியத்தைச் செய்யச் சொல்வது சிகிச்சை ஆகாது. பக்தி உள்ளவருக்குத் தன் வழிபாட்டைப் பயமில்லாமல் திரும்பப் பெற்றுத் தருவதுதான் நோக்கம்.

ஏற்பு மற்றும் அர்ப்பணிப்பு சிகிச்சை என்று இன்னொன்றும் உண்டு. எண்ணத்தோடு வாதாடாமல், ஓ, இந்த எண்ணம் வந்திருக்கிறது என்று கவனித்துவிட்டு, கையிலிருக்கும் வேலையைத் தொடர்வது. எண்ணத்தோடேயே பிரசங்கம் செய்து முடித்த பன்யனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு சிகிச்சை மட்டும் போதாதவர்களுக்கு மருந்து உண்டு. ஃப்ளூவாக்ஸமின், ஃப்ளூவாக்ஸட்டின், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், சிலருக்குப் பழைய குளோமிப்ரமின். பலன் தெரியப் பொதுவாகப் பல வாரம் ஆகும், பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பது மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முதலில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். எண்ணம் வந்ததும் அருவருப்பும் பயமும் வந்தால் அது இந்தக் கட்டுரை பேசும் வகை. உயிரை விட வேண்டும், யாரையாவது காயப்படுத்த வேண்டும் என்று விருப்பமோ திட்டமோ இருந்தால், இல்லாத குரல்கள் அப்படிக் கட்டளையிட்டால், அது வேறு. அப்போது படித்துக்கொண்டிருக்காமல் உடனே உதவி கேளுங்கள்.

காதருகே வந்த கிசுகிசு

சிறையிலிருந்து 1672-ல் விடுதலை. பெட்ஃபோர்டு சபைக்கே போதகரானார். 1676-77-ல் இன்னொரு முறை சில மாதங்கள் சிறை. அடுத்த வருடம் 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' வந்தது.

அதில் பயணியான கிறிஸ்தியான் மரண நிழலின் பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள். இருட்டில் ஒரு பொல்லாத உருவம் பின்னாலிருந்து மெல்ல வந்து, அவன் காதில் தெய்வ நிந்தனைகளைக் கிசுகிசுக்கிறது. அவனோ அவை தன் மனசிலிருந்தே வருகின்றன என்று நினைத்து நொறுங்கிப் போகிறான். வழியில் பட்ட எல்லாவற்றையும்விட அதுதான் அவனை அதிகம் வாட்டுகிறது. முழங்கையால் காற்றைத் தள்ளிய அந்த ஒரு வருடம் இல்லாமல் இந்தக் காட்சி வந்திருக்காது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இதே கதையை எடுத்து, கம்பன் வழியில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக 1894-ல் வெளியிட்டார்.

வயதான காலத்தில் பன்யன் மற்றவர்களின் சச்சரவுகளைத் தீர்த்து வைப்பவராக இருந்தார். 1688 ஆகஸ்டில் ஓர் அப்பாவையும் மகனையும் சேர்த்து வைக்க ரெடிங் ஊருக்குப் போனார். சேர்த்து வைத்துவிட்டு, கொட்டும் மழையில் குதிரையிலேயே லண்டன் வந்தார். நனைந்ததில் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலோடும் ஒரு பிரசங்கம் செய்தார். ஆகஸ்ட் 31-ல், நண்பர் ஒருவரின் வீட்டில் இறந்தார். லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.